பெப்டைடுக்கு விலைப்புள்ளி மட்டும் போதாது: கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆராய்ச்சி நிறுவனங்களின் கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலியான பெப்டைடு, ஆய்வகங்களிலிருந்து உங்கள் மேசைக்கு வரும் கோரிக்கைப் படிவத்தில் ஒரே ஒரு வரி. பெயர், எத்தனை மில்லிகிராம், தூய்மை 95 சதவீதம், தேவைப்படும் தேதி. அந்த வரியை வைத்துக்கொண்டு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கிறீர்கள். குறைந்த விலை சொன்னவருக்கு ஆணை போகிறது. கோப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தணிக்கையாளரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டுவிடுவார். ஆனால் வந்து சேரும் குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கோப்பின் எந்தத் தாளும் சொல்வதில்லை.

அந்த ஒற்றை வரியை எழுதி அனுப்புகிறவர்கள் ஆய்வகத்தார்தாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் படிவத்தில் இருப்பது ஒரே கட்டம். அதற்கு மேல் யாராவது நான்கு வரி எழுதி இணைத்தால், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்குச் சாதகமாக நிபந்தனை விதிக்கிறார் என்ற குறிப்போடு படிவம் திரும்பி வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமான இடங்களும் உண்டு. பெப்டைடு அப்படிப்பட்ட இடமல்ல என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பொருள் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரூஸ் மெர்ரிஃபீல்டு 1963இல் வெளியிட்ட திடநிலைத் தொகுப்பு முறை, 1984இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. இன்று நாம் வாங்கும் செயற்கைப் பெப்டைடுகளில் பெரும்பாலானவை அந்த முறையின் வழிவந்தவை. நுண்ணிய பிசின் துகள்களின் மேல் முதல் அமினோ அமிலத்தைப் பிணைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு பிணைப்பும் 99 சதவீதம் நிறைவேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அருமையான எண். 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிக்கு 29 முறை பிணைக்க வேண்டும், 0.99ஐ 29 முறை பெருக்கிப் பாருங்கள், முழுமையான சங்கிலி ஏறத்தாழ 75 சதவீதம்தான் தேறும். 98 சதவீதம் என்றால் 56தான். மீதி எங்கேயும் போய்விடவில்லை. ஓர் அமிலம் விட்டுப்போன, இரண்டு விட்டுப்போன அரைகுறைச் சங்கிலிகளாக அதே கலவையில் கிடக்கிறது. முழுச் சங்கிலியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. குணத்தில் அவ்வளவு நெருக்கமானவை. ஒரு விற்பனையாளருக்கும் இன்னொருவருக்கும் உள்ள விலை வேறுபாட்டில் பெரும்பகுதி பிறப்பது இந்தப் பிரிப்பு வேலையில்தான்.

இப்போது நீங்கள் நம்பிக் கையெழுத்திடும் 95 சதவீதத்துக்கு வருவோம். அது, கலவையில் உள்ளவற்றைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு முகடாக வரைந்து காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவி தந்த எண். பெப்டைடுப் பிணைப்பு உறிஞ்சும் புற ஊதா ஒளியை 214 அல்லது 220 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, தெரியும் முகடுகளில் நம்முடையது எத்தனை பங்கு என்று அந்த எண் சொல்கிறது. குப்பியில் உள்ள தண்ணீர் அந்தக் கணக்கில் வராது. உப்பும் வராது. ஆகவே 95 சதவீதத் தூய்மை என்றால் தூளில் 95 சதவீதம் பெப்டைடு என்று பொருளல்ல. பெப்டைடு இனத்தைச் சேர்ந்தவற்றுள் 95 சதவீதம் நாம் கேட்டது, அவ்வளவுதான்.

தூளில் உண்மையான பெப்டைடு எத்தனை என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். நிகர பெப்டைடு அளவு என்பது அதன் பெயர். அமினோ அமிலப் பகுப்பாய்வினாலோ நைட்ரஜன் அளவீட்டினாலோ கண்டறிவார்கள். இரண்டு விற்பனையாளர்கள் 10 மில்லிகிராம், 95 சதவீதத் தூய்மை என்று ஒரே மாதிரி விலைப்புள்ளி தருகிறார்கள். ஒருவருடைய தூளில் நிகர அளவு 80 சதவீதம், மற்றவருடையதில் 60 என்றால், முதல் குப்பியில் நமக்கு வேண்டிய பொருள் 7.6 மில்லிகிராம், இரண்டாவதில் 5.7. கால் பங்கு குறைந்துவிட்டது. இரண்டாமவர் விலை பத்து சதவீதம் மலிவு என்று ஆணை போட்டிருந்தால் மிச்சம் பிடித்தது யார்? பணத்தைவிடப் பெரிய தொல்லை அடுத்தது. நிகர அளவு தெரியாத ஆய்வாளர் 10 மில்லிகிராம் என்று நினைத்துக் கரைசல் தயாரிப்பார். அவர் வெளியிடும் செறிவு எண்கள் அனைத்தும் ஒரே திசையில் பிசகியிருக்கும். வேறோர் ஆய்வகம் வேறொரு தொகுதியை, அதாவது வேறொரு முறை தயாரித்த சரக்கை, வாங்கிச் செய்து பார்த்தால் முடிவு ஒத்துப்போகாது. அதற்குப் பிறகு நடக்கும் கடிதப் போக்குவரத்தை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் மரியாதை சேர்க்காத விஷயம்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? பிசினிலிருந்து சங்கிலியைக் கழற்றவும், பிறகு தூய்மைப்படுத்தவும் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம் பயன்படுகிறது. ஆய்வகத்தில் அதை டி.எஃப்.ஏ. என்றுதான் சொல்வோம். லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் போன்ற காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் இருக்கும் இடங்களில் அது எதிர் மின்னேற்றமுள்ள அயனியாக ஒட்டிக்கொண்டு உப்பாகிறது. மூலக்கூறு நிறை 1,200 டால்டன் உள்ள ஒரு பெப்டைடில் அப்படி ஐந்து இடங்கள் இருந்தால், கூடவே வரும் டி.எஃப்.ஏ. மட்டும் 570 டால்டன். தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. யாரும் ஏமாற்றவில்லை, வேதியியல் அப்படி. ஆனால் டி.எஃப்.ஏ. உயிரணுக்களின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. செல் வளர்ப்புக்கு வாங்கும்போது அசிட்டேட் உப்பாகவோ ஹைட்ரோகுளோரைடு உப்பாகவோ மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் அந்தக் கட்டணம், கேட்டவரைத் தோற்கடிக்கும் எண்ணாக மட்டுமே தெரிகிறது.

அடையாளம் என்ற கேள்வி இன்னும் நுட்பமானது. மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலை எடுத்து, கணக்கிட்ட நிறையும் அளந்த நிறையும் ஒன்றுதான் என்று காட்டுவார்கள். அவசியமான சோதனை, ஆனால் போதுமானதல்ல. லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் நிறை ஒன்றே. இடக்கை வடிவ அமிலத்துக்கும் வலக்கை வடிவத்துக்கும் நிறை ஒன்றே. வரிசை மாறிக் கோத்திருந்தாலும் மொத்த நிறை மாறாது. வரிசைதான் ஆய்வின் உயிர் என்றால், சங்கிலியை உடைத்துப் பார்க்கும் இரட்டை நிறை நிறமாலைச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி சான்றிதழ். ஒருமுறை ஒரே விற்பனையாளரிடமிருந்து வந்த இரண்டு பகுப்பாய்வுச் சான்றிதழ்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். தொகுதி எண் வேறு, தயாரிப்புத் தேதி வேறு. ஆனால் ஹெச்.பி.எல்.சி. படத்தில் முகடு எழுந்த நேரம் மூன்றாவது தசமம்வரை ஒன்று. அடிக்கோட்டில் பன்னிரண்டாவது நிமிடத்துக்கு அருகே ஒரு சிறு நெளிவு; இரண்டு தாளிலும் அதே நெளிவு, அதே இடத்தில். இரண்டு தனித்தனி ஓட்டங்களில் கருவியின் இரைச்சல் அப்படி அச்சு அசலாக அமையாது. பழைய படத்தின் மேல் புதிய எண்ணை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு குப்பிகளும் முறையாகக் கொள்முதல் செய்யப்பட்டவை. இரண்டு சான்றிதழ்களும் கோப்பில் எண்ணிட்டு வைக்கப்பட்டவை. விற்பனையாளரிடம் அந்தத் தொகுதிக்கான மூலத் தரவுக் கோப்பைக் கேட்டோம். பதிலே வரவில்லை. சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை, அதைப் படிப்பது எங்கள் வேலை என்று பிரித்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் படித்தபின் பொருளைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் எங்களிடம் இருக்க வேண்டும். சரக்கு ஏற்பு முத்திரை வாயிலிலேயே விழுந்துவிட்டால் அந்த அதிகாரம் செத்துவிடுகிறது.

மிஞ்சிமிஞ்சிப் போனால் ஒரு சோதனை வீணாகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் ஈடுபட்டவர்கள், விலைக்கு வாங்கிய செயற்கைப் பெப்டைடில் கலந்திருந்த வேறொரு பெப்டைடால் பொய்யான நேர்மறை முடிவு வந்ததை 2008இலேயே கட்டுரையாக வெளியிட்டு எச்சரித்தார்கள். நோயெதிர்ப்புச் செல்களுக்கு மிக மிகச் சிறிய அளவு போதும். 95 போக மீதி 5 சதவீதத்தில் எது இருக்கிறது என்பதே அங்கே வழக்கு. ஒரே கருவியில் அடுத்தடுத்துப் பல வாடிக்கையாளர்களுக்குத் தயாரிக்கும்போது முந்தைய சரக்கின் எச்சம் தங்க வாய்ப்பு உண்டு. எண்டோடாக்சினும் இதே ரகம். சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலிருந்து வரும் இந்தப் பொருள் ஹெச்.பி.எல்.சி. படத்தில் தலைகாட்டாது, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் அழியாது. கண்ணாடிக் கலன்களிலிருந்து அதை நீக்க 250 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட வேண்டியிருக்கிறது. பெப்டைடை அப்படிச் சுட முடியாது என்பதால் தொடக்கத்திலேயே அது இல்லாமல் வாங்குவதுதான் வழி. எண்டோடாக்சின் கலந்த பெப்டைடைச் செல்களின்மேல் இட்டால் அவை அழற்சிக்கான எல்லாக் குறிகளையும் காட்டும். பெப்டைடு வேலை செய்கிறது என்று ஆய்வு மாணவர் மகிழ்ந்துபோவார்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாவற்றையும் 98 சதவீதத்தில் வாங்குங்கள் என்று கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். அது பணத்தை விரயமாக்குவது. விலங்கில் எதிர்ப்பொருள் உண்டாக்குவதற்கு 70, 80 சதவீதத் தூய்மையே பெரும்பாலும் போதும். பெப்டைடுகளைக் குவியலாக வாங்கி முதல்கட்டமாகச் சலித்துத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் குறைவானதே போதும். அளவறிந்து செய்யும் சோதனைக்கும், ஏற்பியோடு பிணையும் வேகத்தை அளப்பதற்கும், செல் வளர்ப்புக்கும்தான் 95க்கு மேல் வேண்டும். நோக்கத்தை அறிந்து வாங்கினால் மொத்தச் செலவு குறையவும் கூடும். இப்போது நோக்கம் எதுவாக இருந்தாலும் எல்லோரும் 95 என்று எழுதுகிறார்கள். படிவத்தில் அதுதான் வழக்கமாகிவிட்டது.

அடுத்தது சற்றுக் கசப்பான விஷயம். இணையத்தில் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதருக்கு உரியதன்று என்று லேபிள் ஒட்டி, எடைகுறைப்புப் பெப்டைடுகளையும் தசை வளர்ப்புப் பெப்டைடுகளையும் விற்கும் கடைகள் பெருகிவிட்டன. பக்கத்திலேயே ஊசிக்கான நீரும் விற்கிறார்கள். வாங்குகிறவர் எந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எடைகுறைப்புப் பெப்டைடுகளான செமாகுளுட்டைடு, டிர்செபடைடு போன்றவற்றை இப்படி விற்றவர்களுக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 இறுதியில் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. அந்தக் கடைகளின் விலைப்புள்ளிகள் உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் மிக மலிவாகத் தெரியும். தயவுசெய்து அந்த வரிசையை அடித்துவிடுங்கள். ஆய்வகத்துக்கு விற்கும் உண்மையான நிறுவனம் நிறுவனக் கணக்கு கேட்கும், பாதுகாப்புத் தரவுத் தாள் தரும், சில நச்சுப் பெப்டைடுகளுக்கு இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழியும் கேட்கும். இந்தக் கேள்விகளைத் தொந்தரவு என்று நினைக்கும் அலுவலர்கள் உண்டு. விற்பனையாளர் கேள்வி கேட்கவில்லை என்றால்தான் நாம் கவலைப்பட வேண்டும். நம் பக்கமும் இருப்புப் பதிவேடு மில்லிகிராம் கணக்கில் இருக்க வேண்டும். ஆய்வகக் குப்பியை வீட்டுக்கு எடுத்துப்போய் ஊசி போட்டுக்கொள்ளத் துணியும் அறிவாளிகள் இந்தக் காலத்தில் அரிதல்லர். ஆய்வகத் தரப் பெப்டைடு எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் ஊசிமருந்துக்குரிய கிருமிநீக்கமோ எண்டோடாக்சின் கட்டுப்பாடோ அதற்குக் கிடையாது.

பொருள் வந்து சேர்ந்த பிறகு நடப்பதிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. பெட்டி விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை வருகிறது. வாயிலில் வாங்கி வைக்கிறார்கள். மூன்று நாள் கழித்து எங்களுக்குத் தொலைபேசி வருகிறது. குளிர்பொதி உருகி வெதுவெதுப்பாகிவிட்டிருக்கும். பதறிப்போய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறவன் அல்லன் நான். உறைய வைத்து உலர்த்திய தூள், நன்றாக மூடிய குப்பியில், சில நாள் அறை வெப்பநிலையில் இருந்தால் பெரும்பாலும் கெடுவதில்லை. உண்மையான கேடு அடுத்த அரை நிமிடத்தில் காத்திருக்கிறது. டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறப்பதைப் பாருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிகிறது. குப்பியின் அடியில் பஞ்சுபோல் இருந்த வெள்ளைத் தூள் ஓரத்தில் சுருங்கி, பிசுபிசுத்து, கண்ணாடியோடு ஒட்டிய மெல்லிய படலமாகிவிடுகிறது. பெப்டைடுகளில் பல காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளவை. ஈரம் சேர்ந்தால் எடை பொய்க்கும், சிதைவு தொடங்கும். ஆகவே மூடிய குப்பியை, ஈரத்தை உறிஞ்சும் பொருளிட்ட மூடிய கலனான டெசிக்கேட்டரில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும். திறப்பதற்குமுன் மைய விலக்கியில் சிறிது சுழற்றித் தூளை அடிக்குக் கொண்டுவருவதும் வழக்கம். இல்லாவிட்டால் நிலைமின்னேற்றத்தால் மூடியோடு கொஞ்சம் போய்விடும்.

ஃப்ரீசரை வாங்கிக் கொடுப்பதும் நீங்கள்தான் என்பதால் ஒரு வார்த்தை. உறைபனி படியாத வகை என்று விளம்பரப்படுத்தும் குளிர்பெட்டிகள், பனியை உருக்கத் தாமாகவே அவ்வப்போது சூடேறும். வீட்டுக்கு வசதி. பெப்டைடுக்கு அது தினமும் நடக்கும் சித்திரவதை. மைனஸ் 20 டிகிரியில் நிலையாக நிற்கும் சாதாரண வகை போதும். நீண்டகால இருப்புக்கு மைனஸ் 80.

கரைப்பது ஆய்வகத்தின் பொறுப்பு, விரிவாக எழுதி உங்களைச் சலிப்படைய வைக்க விரும்பவில்லை. அமினோ அமில வரிசையைப் பார்த்துக் கரைப்பானைத் தேர்ந்தெடுப்போம். மெத்தியோனினோ சிஸ்டைனோ இருந்தால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைத் தவிர்ப்போம், ஆக்சிஜனேற்றம் நடக்கும். அஸ்பராஜினுக்கு அடுத்து கிளைசின் இருந்தால் கரைசலில் நெடுநாள் வைக்க மாட்டோம். கரைத்ததை ஒரே குழாயில் வைத்து மறுபடி மறுபடி உறையவைத்து உருக்காமல், ஒரு வேளைக்கான சிறு பங்குகளாகப் பிரித்து வைப்போம். இதில் உங்களுக்கு உரியது ஒன்றுதான். பெப்டைடு ஒட்டாத குழாய்கள் என்று நாங்கள் கேட்கும்போது, சாதாரணக் குழாய் இருப்பில் உள்ளது என்று குறித்துத் திருப்பி அனுப்பாதீர்கள். நீர்த்த கரைசலில் உள்ள பெப்டைடில் கணிசமான பகுதி சாதாரண பிளாஸ்டிக்கின் சுவரிலேயே தங்கிவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றி. பெப்டைடு என்றால் புரதத் துண்டு, என்ன கெடுதல் செய்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கொடிய நச்சுக் காளான்களில் உள்ள ஆல்ஃபா அமானிட்டின் எட்டு அமினோ அமிலங்களால் ஆன வளையப் பெப்டைடு; கல்லீரலைக் கொன்றுவிடும். கூம்பு நத்தைகளின் கொனோடாக்சின்களும் பெப்டைடுகளே. அவற்றுள் ஒன்றின் செயற்கை வடிவமான சிகோனோட்டைடு 2004இல் வலி மருந்தாக ஒப்புதல் பெற்றது. அந்தக் குடும்பத்தின் வேறு சில, மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். எல்லாப் பெப்டைடும் இப்படியல்ல. ஆனால் புதிதாக வடிவமைத்த ஒன்று மனித உடலில் என்ன செய்யும் என்பது, அதை வடிவமைத்தவருக்கே தெரியாதிருக்கலாம். அதனால் தூளைத் திறந்த மேசையில் எடை போடக் கூடாது. காற்றோட்ட உறையுள்ள தராசு அல்லது காற்றை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் வேண்டும். கையுறையும் கண்காப்பும் வேண்டும். டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்ததைக் கையாளும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை, அந்தக் கரைப்பான் தோல்வழியே தன்னோடு பிறவற்றையும் உள்ளே கொண்டுபோகும். சிந்திய தூளை உலர்ந்த துணியால் துடைத்தால் அது காற்றில் பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து வேதிக்கழிவில் சேர்க்க வேண்டும். தராசு உறைக்கான எங்கள் கோரிக்கை எத்தனை நிதியாண்டுகளாக அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற குறிப்போடு தூங்குகிறது என்பதை இங்கே எழுதி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். படிவத்தில் பெப்டைடுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: வரிசை, நோக்கம், தூய்மை, நிகர அளவு, உப்பு வடிவம், எண்டோடாக்சின் வரம்பு, வேண்டிய சான்றுகள். விலையை மில்லிகிராம் தூளுக்கு ஒப்பிடாமல் மில்லிகிராம் நிகரப் பெப்டைடுக்கு ஒப்பிடுங்கள். ஒரே மாற்றம், அதில் பாதித் தகராறு தீரும். நீண்ட ஆய்வுக்கு வேண்டியதை ஒரே தொகுதியில் மொத்தமாக வாங்க அனுமதியுங்கள். ஆண்டு இறுதியில் மிச்சமாகும் தொகைக்கேற்பத் துண்டு துண்டாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் வேறு தொகுதி வரும். வாங்கியதில் சிறு பங்கை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க ஒரு செலவினத் தலைப்பு வேண்டும். அந்த முடிவு வரும்வரை ஏற்பு முத்திரை காத்திருக்கட்டும். விடுமுறைக்கு முந்தைய நாளில் பெப்டைடுப் பெட்டி வந்து சேராதபடி ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

படிவத்தின் வரைவை நாங்களே எழுதித் தருகிறோம். எந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்காது. எந்த நிபந்தனை ஏன் என்று பக்கத்திலேயே விளக்கமும் இருக்கும், தணிக்கையாளருக்கு உதவும். அடுத்த விலை ஒப்பந்தத்தை இறுதி செய்யும் முன் உங்கள் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மேலே சொன்ன இரண்டு சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பெப்டைடு ஆய்வகம் ஒன்றின் பொறுப்பாளர்